அபராதம் கட்டினால் தீருமா?

மோட்டார் வண்டி ஓட்டுவதில் நேரும் குற்றங்களை நாம் பெரிதாக மதிப்பதில்லை. மாஜிஸ்திரேட்டின் முன்னால் நின்று, "ஆமாம், ஸார்" என்று ஒப்புக்கொண்டு, அபராதத்தைக் கட்டிவிட்டு வீடு திரும்புவதே உலக வழக்கம். ஆனால் அமெரிக்க ஐக்கிய நாட்டில் குடியேறி, அந்நாட்டுப் பிரஜையாகாமல் வாழ்பவருக்கு அந்த "ஆமாம்" என்ற ஒரு சொல்லே சில சமயம் குடியிருக்கும் உரிமையைப் பறித்துவிடும். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை அங்கே சட்டப்படியே நடக்கிறது!

எப்படி என்று கேட்கலாம். குடியேற்ற அனுமதி இல்லாதவருக்குப் பல மாகாணங்களில் வண்டி ஓட்டும் லைசென்ஸ் கிடையாது. பஸ்ஸும் ரயிலும் இல்லாத ஊரிலே அவர் எவ்வாறு வேலைக்குப் போவார்? லைசென்ஸ் இல்லாமலே ஓட்டுகிறார். பின்விளக்கு எரியவில்லை என்று போலீஸார் நிறுத்துகிறார்கள். கைது செய்துவிட்டால் கைரேகை எடுக்கப்படுகிறது. அந்த ரேகை மத்திய சர்க்காரின் குடியேற்றப் பதிவேடுகளோடு ஒத்துப் பார்க்கப்படுகிறது. அதற்கப்புறம் விளக்கைப் பற்றி யாரும் பேசுவதில்லை!

இச்சங்கடத்தை உணர்ந்த கலிபோர்னியா மாகாணம் 2013-ல் ஒரு சட்டம் இயற்றி, 2015 ஜனவரி முதல் இவர்களும் பரீட்சையில் தேறி லைசென்ஸ் பெற வழி செய்தது. நியூயார்க் மாகாணமும் 2019-ல் அவ்வழியைப் பின்பற்றிற்று.

நாடுகடத்தலிலிருந்து காக்கும் சலுகைகளும் சாலைக் குற்றத்தைக் கவனிக்கின்றன. குழந்தைப் பருவத்திலே அழைத்துவரப்பட்டவர்களுக்காக 2012-ல் ஜனாதிபதி ஒபாமாவின் சர்க்கார் ஒரு சலுகை அளித்தது. நாடுகடத்தலை இரண்டிரண்டு வருஷமாக ஒத்திவைத்து, வேலை செய்யவும் அனுமதித்தது. அதன் விதிகளின்படி லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியது ஒன்றே சலுகையைக் கெடுக்காது. குடித்துவிட்டு ஓட்டியதற்காகத் தண்டனை பெற்றாலோ, அது ஒரு தடவையே ஆனாலும், சலுகை பொதுவாகக் கிட்டாது. பத்து வருஷம் தொடர்ந்து வசித்து, நன்னடத்தையைக் காட்டி, நாடுகடத்தலை ரத்துச் செய்யக் கோருபவருக்கு வேறொரு சலுகை உண்டு. இரு முறை குடித்து ஓட்டித் தண்டனை பெற்றவர் நன்னடத்தை இல்லாதவராகவே முதலில் கருதப்படுவார் என்று 2019-ல் அட்டர்னி ஜெனரல் தீர்மானித்தார்.

சட்டம் கண்டிப்பு மட்டுமே உடையதல்ல. ஹைத்தி நாட்டைச் சேர்ந்த ஒருவர் புளோரிடாவில் குடித்துவிட்டு ஓட்டி இருவரைக் காயப்படுத்தினார். அதை "வன்முறைக் குற்றம்" என்று சொல்லி அவரை நாடுகடத்த சர்க்கார் முயன்றது. கவனக்குறைவும் வன்முறையும் ஒன்றல்ல என்று சுப்ரீம் கோர்ட்டு 2004-ல் ஏகமனதாகத் தீர்ப்பளித்தது.

எல்லாவற்றிலும் முக்கியமானது வக்கீலின் யோசனை. சிறைத் தண்டனை விதிக்கும் கிரிமினல் வழக்கில் ஏழைக்குச் சர்க்கார் செலவிலே வக்கீல் கிடைப்பார். குடியேற்ற நியாயஸ்தலத்திலோ அவரவர் செலவிலேயே வக்கீல் வைத்துக்கொள்ள வேண்டும். ஆகவே முதல் வழக்கில் கிடைக்கும் யோசனைதான் பலருக்குக் கடைசி யோசனை. வியத்நாம் யுத்தத்தில் அமெரிக்காவுக்காகப் பணிபுரிந்து, நாற்பது வருஷத்துக்கு மேல் அங்கு வாழ்ந்த ஒரு லாரி ஓட்டுநர், லாரியில் கஞ்சா கொண்டுசென்றதாகக் கெண்டக்கியில் வழக்கில் சிக்கினார். நாடுகடத்தலைப் பற்றிக் கவலை வேண்டாமென்று வக்கீல் சொன்னதை நம்பிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அந்த யோசனை முற்றிலும் தவறு. நாடுகடத்தும் அபாயத்தைக் கட்சிக்காரருக்குத் தெரிவிப்பது வக்கீலின் கடமை என்று சுப்ரீம் கோர்ட்டு 2010-ல் விதித்தது.

நம் வீட்டுப் பிள்ளைகளும் படிப்புக்காகவும் உத்தியோகத்துக்காகவும் அங்கே செல்கிறார்கள். குடித்து ஓட்டியதாகக் கைதானாலே, தீர்ப்புக்கு முன்பே, விஸாவை ரத்துச் செய்யலாம் என்பது 2015-ல் வந்த விதி. பிள்ளைகளுக்குப் பெட்டி கட்டும்போது ஊறுகாய் ஜாடியோடு இரண்டு புத்திமதிகளையும் வைத்து அனுப்புங்கள்: குடித்துவிட்டு வண்டியைத் தொடாதே; குடியேற்றச் சட்டம் அறிந்த வக்கீலைக் கேளாமல் "ஆமாம்" என்று சொல்லாதே.