வடசென்னையில் உடல் எடைக்குறைப்பும் நீரிழிவுத் தடுப்பும்

உடல் எடைக்குறைப்பு என்பது உடலில் தேவைக்கு மேல் சேர்ந்த கொழுப்பைக் குறைப்பதாகும். எடைப்பொறி கொழுப்பு, தசை, நீர் மூன்றையும் சேர்த்தே காட்டுகிறது. எனவே எடைப்பொறியில் எண் இறங்குவதெல்லாம் நலம் தரும் எடைக்குறைப்பு ஆகாது. எண் அசையாமலே நோய் வாய்ப்பு குறைவதும் உண்டு. இதை இந்தியர்களிடையே காட்டிய முதன்மையான ஆய்வுகளுள் ஒன்று வடசென்னையின் ராயபுரத்தில் நடத்தப்பட்டது. இக்கட்டுரை அந்த ஆய்வையும், ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய துறைமுக, தொழிற்சாலைப் பகுதி மக்களுக்குப் பொருந்தும் உணவு, நடை, வலுப்பயிற்சி முறைகளையும் விளக்குகிறது.

பின்னணி

வடசென்னை நெடுங்காலம் உடலுழைப்பை நம்பி வாழ்ந்த பகுதி. துறைமுகத்தில் மூட்டை சுமத்தல், காசிமேட்டில் வலை இழுத்தல், ஆலைகளில் நின்றபடி செய்யும் வேலை ஆகியவை இங்குள்ள பல குடும்பங்களின் பிழைப்பாக இருந்தன. எம்.ஆர்.எஃப். 1946-இல் திருவொற்றியூரில் பலூன் செய்யும் சிறு கூடமாகத் தொடங்கியது. எண்ணூரில் அசோக் லேலண்ட், திருவொற்றியூரில் என்ஃபீல்டு ஆகிய தொழிற்சாலைகள் 1950-களில் வளர்ந்தன.

பின்னர் வேலையின் தன்மை மாறியது. 1983-இல் சென்னைத் துறைமுகத்தில் சரக்குப் பெட்டக முனையம் வந்தபின், முன்பு பலர் சுமந்த சரக்கைப் பாரந்தூக்கிகள் இறக்கத் தொடங்கின. இன்று பலருக்கு வேலை என்பது லாரி ஓட்டுவது, இயந்திரத்தின் முன் அமர்வது, இரவுக் காவல், கணினிப் பதிவு என்றாகிவிட்டது. உழைப்பு குறைந்த அளவுக்குச் சோற்றின் அளவு குறையவில்லை. மூட்டை சுமந்தவருக்குப் போதுமானதாக இருந்த தட்டே அமர்ந்து வேலை செய்யும் அவர் மகனின் முன்னும் வைக்கப்படுகிறது.

இதன் விளைவு வடசென்னையோடு நிற்பதில்லை. 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.-இந்தியாப் ஆய்வின்படி இந்தியாவில் ஏறத்தாழ 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு உள்ளது. நாட்டளவில் வயது வந்தோரில் 11.4 விழுக்காட்டினருக்கும், தமிழ்நாட்டில் 14.4 விழுக்காட்டினருக்கும் இந்நோய் இருப்பதாக அவ்வாய்வு கணித்தது.

எடை எண்ணும் இந்திய உடலும்

எடையை உயரத்தோடு ஒப்பிடப் பயன்படுவது பி.எம்.ஐ. எனப்படும் உடல் நிறை குறியீட்டெண். கிலோகிராமில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் இது கிடைக்கும். உலக அளவில் 25-க்கு மேல் மிகை எடை, 30-க்கு மேல் உடற்பருமன் என்று கொள்வர். இந்தியர்களுக்கு இவ்வெல்லைகள் முறையே 23, 25 என இந்திய மருத்துவ வல்லுநர்கள் 2009-இல் வகுத்தனர். 165 செ.மீ. உயரமுள்ள ஒருவருக்கு 63 கிலோவை ஒட்டி மிகை எடையும், 68 கிலோவில் உடற்பருமனும் தொடங்குகின்றன. இடுப்புச் சுற்றளவில் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எச்சரிக்கை எல்லையாகும்.

எல்லை இறக்கப்பட்டதற்குக் காரணம் உண்டு. ஒரே எடையுள்ள ஐரோப்பியரை விட இந்தியர் உடலில் பொதுவாகத் தசை குறைவு, கொழுப்பு மிகுதி. புனேயைச் சேர்ந்த மருத்துவர் சி.எஸ். யாக்னிக்கும் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் யுட்கினும் 2004-இல் தங்கள் உடல்களையே அளந்து வெளியிட்ட ஒரு குறிப்பு இதற்குப் புகழ்பெற்ற சான்று. இருவரின் பி.எம்.ஐ.யும் 22.3 தான். ஆனால் உடற்கொழுப்பு யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாக்னிக்குக்கு 21.2 விழுக்காடு. ஆகவே ஒல்லியாகத் தெரிபவருக்கும் தொப்பை இருந்தால் கவனம் தேவை.

ராயபுரம் ஆய்வு

ராயபுரத்தில் உள்ள எம்.வி. நீரிழிவு மருத்துவமனையைப் பேராசிரியர் எம். விசுவநாதன் 1954-இல் தொடங்கினார். அதனோடு இணைந்த நீரிழிவு ஆய்வு மையத்தில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்ட ஆய்வின் முடிவுகள் 2006-இல் வெளியாயின.

நீரிழிவு இன்னும் வராத, ஆனால் குளுக்கோசு ஏற்புத்திறன் குறைந்திருந்த 531 பேர் இதில் பங்கேற்றனர். அவர்களின் சராசரி வயது ஏறத்தாழ 46, சராசரி பி.எம்.ஐ. 25.8. அவர்கள் நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். முதற்குழுவுக்கு வழக்கமான அறிவுரை மட்டும் தரப்பட்டது. இரண்டாம் குழு உணவையும் நடையையும் மாற்றியது. மூன்றாம் குழு மெட்ஃபார்மின் மாத்திரையைக் குறைந்த அளவில் எடுத்தது. நான்காம் குழு இரண்டையும் செய்தது.

அறிவுரைகள் எளியவை. மொத்த உணவையும் தீட்டிய தானியத்தையும் எண்ணெயையும் குறைக்க வேண்டும்; சர்க்கரையைத் தவிர்க்க வேண்டும்; நார்ச்சத்தைக் கூட்ட வேண்டும். அமர்ந்து வேலை செய்வோர் நாள்தோறும் குறைந்தது 30 நிமிடம் விரைந்து நடக்க வேண்டும். ஏற்கெனவே உடலுழைப்பிலோ, நாளும் அரைமணிக்கு மேல் நடையிலோ மிதிவண்டியிலோ இருந்தவர்கள் அதைத் தொடர்ந்தாலே போதும் எனப்பட்டது.

மூன்றாண்டு முடிவில் முதற்குழுவில் 55 விழுக்காட்டினருக்கு நீரிழிவு வந்தது. வாழ்க்கைமுறையை மாற்றிய குழுவில் அது 39.3 விழுக்காடு. ஒப்பளவில் இது 28.5 விழுக்காட்டுக் குறைவு. ஏறத்தாழ ஆறு பேர் பழக்கத்தை மாற்றினால் மூன்றாண்டுகளில் ஒருவர் நீரிழிவிலிருந்து தப்புகிறார் என்பது இதன் பொருள். மாத்திரையும் ஏறத்தாழ இதே பயனைத் தந்தது. இரண்டையும் சேர்த்ததால் கூடுதல் பயன் ஏதும் கிடைக்கவில்லை.

இதில் குறிப்பிடத்தக்க செய்தி வேறொன்று. வாழ்க்கைமுறைக் குழுவினரின் சராசரி எடை சொல்லத்தக்க அளவு குறையவில்லை; ஆயினும் நோய் குறைந்தது. எடைப்பொறி மட்டுமே அளவுகோலாக இருந்திருந்தால் இவர்கள் முயற்சி வீண் என்று பாதியிலேயே விட்டிருப்பார்கள்.

எடையைக் குறைப்பதால் பயனில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. 2002-இல் வெளியான அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வில் உடல் எடையில் 7 விழுக்காட்டைக் குறைப்பதும் வாரத்துக்கு 150 நிமிட உடல் அசைவும் இலக்காக வைக்கப்பட்டன. அங்கு நோய் வாய்ப்பு 58 விழுக்காடு குறைந்தது. ஆனால் அங்கு பங்கேற்றவர்கள் இந்தியர்களை விட மிகவும் பருமனானவர்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், மிகை எடை உள்ளவர் சிறிது குறைப்பது நல்லது. குறையாவிட்டாலும் நல்ல பழக்கத்தைக் கைவிடக்கூடாது.

உணவு

வடசென்னை உணவில் எடைக்குறைப்புக்கு உதவும் பொருள்கள் பல உள்ளன. இங்குள்ள சிக்கல் பெரும்பாலும் பொருளில் இல்லை, அளவில் உள்ளது. 2024-இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டி, நாளின் மொத்த ஆற்றலில் தானியங்களின் பங்கு 45 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்கிறது. காலையில் பூரி, மதியம் சோறு, இரவில் பரோட்டா என்று உண்பவருக்கு இது எளிதில் தாண்டிவிடும். மூன்று வேளையும் மாவுச்சத்தே தட்டை நிரப்புவதால் காய்க்கும் புரதத்துக்கும் இடமிருப்பதில்லை.

புரதத்துக்கு வடசென்னையில் பஞ்சமில்லை. வயது வந்த ஒருவருக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் என்பது இந்தியப் பரிந்துரை. 65 கிலோ உள்ளவருக்கு இது ஏறத்தாழ 54 கிராம். காசிமேட்டில் வாங்கும் மீனில் 150 கிராம் சதைப்பகுதி 25 முதல் 30 கிராம் வரை தரும். இரண்டு முட்டை 12 கிராம். மீதியைப் பருப்பும் சுண்டலும் தயிரும் சோறும் நிரப்பிவிடும். விலை உயர்ந்த வஞ்சிரம்தான் வேண்டுமென்பதில்லை. நெத்திலியும் மத்தியும் புரதத்தில் குறைந்தவை அல்ல. புரதத் தூள் வாங்க வேண்டிய தேவை பெரும்பாலோருக்கு இல்லை.

கவனிக்க வேண்டியவை சில:

- எண்ணெய்: ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஏறத்தாழ 120 கலோரி. அதே மீனைப் பொரிப்பதற்கும் குழம்பு வைப்பதற்கும் உள்ள வேறுபாடு இங்குதான்.
- தேநீர்: ஷிப்டு வேலையில் நாளுக்கு ஐந்து தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை என்றால் 50 கிராம் சர்க்கரை, அதாவது 200 கலோரி. 65 கிலோ எடையுள்ளவர் அரைமணி நேரம் விரைந்து நடந்து செலவிடும் ஆற்றலை விட இது மிகுதி.
- கருவாடு: புரதம் நிறைந்தது, உப்பும் நிறைந்தது. நாளொன்றுக்கு உப்பு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பதால், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் இதை அரிதாகவே உண்ண வேண்டும்.
- கேழ்வரகுக் கூழ்: நார்ச்சத்தும் கால்சியமும் உள்ள நல்ல உணவு. ஆனால் இதுவும் மாவுச்சத்தே. சோற்றுக்குப் பதிலாகக் குடித்தால் பயன் உண்டு. சோற்றுக்கு மேல் குடித்தால் எடை கூடும்.
- இரவுக் கடை உணவு: கொத்துப் பரோட்டா, அத்தோ போன்றவற்றை அடியோடு விலக்கத் தேவையில்லை. நாள்தோறும் உண்பதை வாரம் ஒருமுறை என்று மாற்றுவதே நீடிக்கும்.

சோற்றை நிறுத்துவதை விட, எடுத்து வைக்கும் கரண்டியில் ஒன்றைக் குறைத்து அந்த இடத்தில் கீரையோ காயோ வைப்பது நடைமுறைக்கு ஏற்றது. இப்படி மெல்லக் குறைத்தால் வாரத்துக்கு அரைக் கிலோ அளவில் எடை இறங்கும். அதுவே பாதுகாப்பான வேகம்.

வலுப்பயிற்சி

உணவை மட்டும் குறைத்து எடை இழப்பவர் கொழுப்போடு தசையையும் இழக்கிறார். இழக்கும் எடையில் கால் பங்கு வரை தசை முதலிய கொழுப்பற்ற பகுதியாக இருக்கலாம். உணவுக்குப் பின் இரத்தத்தில் ஏறும் குளுக்கோசைப் பெருமளவில் உள்வாங்குவது தசைதான். இயல்பிலேயே தசை குறைந்த இந்திய உடலுக்கு இந்த இழப்பு இரட்டைக் கேடு. ராயபுரம் ஆய்வு நடையைத்தான் சோதித்தது, வலுப்பயிற்சியை அல்ல. எனினும் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடல் அசைவோடு, இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் பரிந்துரைத்தது.

இப்பகுதிக்கு வலுப்பயிற்சி புதிதன்று. சார்பட்டா, இடியப்ப நாயக்கர் முதலிய குத்துச்சண்டைப் பரம்பரைகள் வளர்ந்த மண் இது. தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை ஆகியவை உடற்பயிற்சிக்கூடங்கள் பெருகும் முன்பே இங்கு பழக்கத்தில் இருந்தன. பா. இரஞ்சித் இயக்கிய சார்பட்டா பரம்பரை திரைப்படம் 2021-இல் இவ்வுலகைப் பலருக்கும் அறிமுகப்படுத்தியது. அதில் தொப்பை போட்ட வீரன் கடற்கரைப் பயிற்சியில் மீண்டெழுவது திரையில் சில நிமிடங்களில் முடிகிறது. உண்மையில் தசை வளர மாதங்கள் ஆகும்.

தொடங்குவோர்க்குக் கருவிகள் தேவையில்லை. நாற்காலியில் அமர்ந்து எழுதல், சுவரில் கை ஊன்றித் தண்டால், படியில் ஏறி இறங்குதல், தண்ணீர் நிரப்பிய கேனைத் தூக்குதல் ஆகிய நான்கும் உடலின் பெரிய தசைகளுக்கு வேலை தரும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதால், 5 லிட்டர் கேனில் தண்ணீரைக் கூட்டிக் குறைத்துச் சுமையைச் சரிசெய்யலாம். ஒவ்வொன்றையும் 8 முதல் 12 முறை, இரண்டு சுற்று, வாரம் இரண்டு மூன்று நாள் செய்தால் போதும். 12 முறை எளிதாக வந்தபின் சுமையைச் சிறிது கூட்ட வேண்டும். மூச்சை அடக்காமல், தூக்கும்போது வெளிவிட வேண்டும்.

லாரியிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் பிடித்து மாடி ஏறும் பெண்கள் நாள்தோறும் சுமை தூக்குகிறார்கள். அதுவும் உழைப்பே. ஆனால் ஒரே இடுப்பில் சுமப்பது ஒருபக்கத் தசையையே வருத்தும். இடம் மாற்றிச் சுமப்பதும், முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கித் தூக்குவதும் முதுகுவலியைத் தவிர்க்க உதவும்.

இடமும் காற்றும்

தமிழக அரசு 2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தில் 38 மாவட்டங்களிலும் 8 கி.மீ. நடைபாதைகளை அறிமுகப்படுத்தியது. சென்னையின் பாதை தெற்கே பெசன்ட் நகரில் அமைந்தது. எண்ணூர் விரைவுச்சாலையிலோ சரக்குப் பெட்டக லாரிகளின் நெரிசலும் புழுதியும் நடப்பதையே கடினமாக்குகின்றன. மணலி, 2009-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தால் கடுமையாக மாசடைந்த தொழிற்பகுதிகளுள் ஒன்றாக வகைப்படுத்தப்பட்டது. எனவே லாரி ஓடும் சாலையை விட்டு மாநகராட்சிப் பூங்கா, பள்ளி மைதானம், உட்தெரு ஆகியவற்றில் நடப்பது நல்லது. புகை மிகுந்த நாளில் வீட்டுக்குள் வலுப்பயிற்சி செய்யலாம்.

தவிர்க்க வேண்டியவை

ஒரு வாரத்தில் ஐந்து கிலோ குறையும் என்னும் முறைகளில் இறங்குவது பெரும்பாலும் நீரே. எடைப்பிரிவுக்குள் வருவதற்காகக் குத்துச்சண்டை வீரர்கள் வியர்த்துக் குறைக்கும் எடையும் அத்தகையதே; தண்ணீர் குடித்ததும் அது திரும்பிவிடும். தசை ஏற்றுவதற்காக மருத்துவரின்றி எடுக்கும் ஸ்டீராய்டு ஊசிகள் இதயத்தையும் கல்லீரலையும் கெடுக்கும்.

இன்சுலின் அல்லது கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர்கள் உணவைத் திடீரெனக் குறைத்தால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். இவர்களும், இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களும், கருவுற்றவர்களும் மருத்துவரைக் கேட்டபின்பே எந்த மாற்றத்தையும் தொடங்க வேண்டும். முயற்சி ஏதுமின்றித் தானாக எடை குறைந்தால் அதை நல்லதென்று எண்ணக்கூடாது; கட்டுப்பாடற்ற நீரிழிவு, காசநோய் போன்றவற்றின் அறிகுறியாக அது இருக்கலாம்.

அளவிடும் முறை

நாள்தோறும் எடை பார்ப்பதால் சோர்வே மிஞ்சும். வாரம் ஒருமுறை ஒரே நேரத்தில் எடை, மாதம் ஒருமுறை இடுப்புச் சுற்றளவு, எத்தனை முறை நாற்காலியிலிருந்து எழ முடிகிறது என்ற கணக்கு ஆகியவற்றைக் குறித்து வைப்பது தெளிவான படத்தைத் தரும். இரத்தச் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் அரசின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில் கட்டணமின்றிப் பார்த்துக்கொள்ளலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பணியாளர்கள் வீட்டுக்கே வந்தும் இவற்றைப் பார்க்கிறார்கள். பெற்றோருக்கு நீரிழிவு இருந்தாலோ, இடுப்பு எல்லையைத் தாண்டியிருந்தாலோ, எடைப்பொறி எதைக் காட்டினாலும் இச்சோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.