சிரிக்க வைக்கும் கதைப் புத்தகமும் நம் சின்னப் பிள்ளைகளும்

பிள்ளை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியவுடன், 'ஒரு நல்ல கதைப் புத்தகம் வாங்கிக் கொடுக்க வேண்டும்' என்ற ஆசை நம் எல்லாருக்கும் வருகிறது. புத்தகக் கண்காட்சிக்கு அழைத்துச் செல்கிறோம். பிள்ளை ஒரு குரங்குப் படம் போட்ட மெல்லிய புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறது. நாம் வாங்கிப் புரட்டுகிறோம். 'பக்கத்துக்கு நாலு வரிதான் இருக்கு, இதுக்கு இவ்வளவு விலையா?' என்று திருப்பி வைத்துவிட்டு, நூற்றுக்கும் மேற்பட்ட நீதிக்கதைகள் அடங்கிய கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறோம். பக்கத்துக்குப் பக்கம் அறிவுரை. நமக்கு மனநிறைவு. அந்தப் புத்தகத்தைப் பிள்ளை எத்தனை முறை தானாக எடுத்துப் படித்தது என்று மட்டும் நாம் பார்ப்பதில்லை.

1 முதல் 3-ஆம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு, அதாவது 6 முதல் 8 வயது வரை உள்ளவர்களுக்கு, எந்தக் கதைப் புத்தகம் ஏற்றது என்பதை இங்கே சற்று விரிவாகச் சிந்திப்போம். இது பொழுதுபோக்கைப் பற்றிய சின்ன விஷயம்தானே என்று சிலர் கருதலாம். அப்படியல்ல. வேகமாகவும் தடையின்றியும் வாசிக்கும் திறன் நிறைய வாசிப்பதால்தான் வருகிறது. பாடப்புத்தகம் மட்டும் அந்த அளவு வாசிப்பைத் தராது. மீதியைப் பிள்ளை தன் விருப்பத்தால்தான் வாசிக்க வேண்டும். 4-ஆம் வகுப்புக்கு மேல் அறிவியலும் சமூக அறிவியலும் பத்தி பத்தியாக வரத் தொடங்கும்போது, எழுத்தெழுத்தாகத் தடவிப் படிக்கும் பிள்ளைக்கு எல்லாப் பாடமும் கடினமாகிவிடுகிறது. 'எனக்குப் படிக்க வராது' என்று அது தன்னைப் பற்றியே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறது. அந்த முடிவை மாற்றுவது எவ்வளவு கடினம் என்பதை ஆசிரியர்கள் நன்கு அறிவார்கள். கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடியிருந்ததால் ஏற்பட்ட இழப்பைச் சரிசெய்ய 2022-இல் தமிழக அரசு 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தை 1 முதல் 3-ஆம் வகுப்புகளிலேயே தொடங்கியதற்கும் காரணம் இதுதான்.

தமிழில் வாசிக்கப் பழகும் பிள்ளைக்கு எது கடினம் என்று முதலில் பார்ப்போம். 247 எழுத்துகள் இருப்பதால் கடினம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் உயிர்மெய்க் குறிகளின் ஒழுங்கு பிடிபட்டுவிட்டால் எழுத்துகளைப் பிள்ளைகள் விரைவாகவே அடையாளம் காண்கிறார்கள். சிக்கல் அதற்கு அடுத்த படியில் இருக்கிறது. 'விளையாடிக்கொண்டிருந்தார்கள்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். ஒரே சொல்லில் 14 எழுத்துகள். பிள்ளை கடைசி எழுத்துக்கு வந்து சேரும்போது முதல் எழுத்து மறந்துபோயிருக்கும். வீட்டில் அது பேசுவதோ 'விளையாடிக்கிட்டிருந்தாங்க'. பேசும் தமிழ் வேறு, அச்சில் பார்க்கும் தமிழ் வேறு. போதாததற்கு 'கடை', 'பகல்', 'தங்கம்' என்ற மூன்று சொற்களிலும் ஒரே ககரம் மூன்று விதமாக ஒலிக்கிறது. சொல்லை ஏற்கெனவே காதால் கேட்டுப் பழகிய பிள்ளை சரியாக ஊகித்துவிடும். கேட்டிராத சொல்லாக இருந்தால் திணறும்.

எனவே, தொடக்க வாசகருக்கு ஏற்ற புத்தகத்தில் வீட்டுச் சொற்கள் நிறைய இருக்க வேண்டும். தாத்தா, குடை, மீசை, இட்லி, நாய்க்குட்டி போன்றவை. வாக்கியம் சிறியதாக, சொற்கள் தேவையில்லாமல் ஒட்டாமல் இருக்க வேண்டும். கதைமாந்தர் பேசும் இடங்களில் பேச்சுத் தமிழ் வந்தால் இன்னும் நல்லது. அச்சில் பேச்சுத் தமிழ் வந்தால் பிள்ளையின் தமிழ் கெட்டுவிடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். எழுத்துத் தமிழைப் பள்ளி எப்படியும் கற்றுக்கொடுக்கும். 'நம் வீட்டில் பேசுவது போலவே இருக்கிறதே' என்று பிள்ளை வியந்து சிரிக்கும் அந்த இடத்தை நாம் ஏன் பறிக்க வேண்டும்?

ஆனால் சொற்கள் எளிதாக இருந்தால் மட்டும் போதாது. இதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு நிகழ்வு நல்ல எடுத்துக்காட்டு. அங்குள்ள பள்ளிகளில் பயன்பட்ட தொடக்க வாசிப்பு நூல்களில் சொற்கள் மிக எளிமையாக இருந்தன. கதை என்று சொல்ல அவற்றில் ஒன்றும் இல்லை. 1954-இல் ஜான் ஹெர்சி என்ற எழுத்தாளர் 'லைஃப்' இதழில், பிள்ளைகள் வாசிக்கத் தயங்குவதற்கு இந்தச் சலிப்பூட்டும் புத்தகங்களும் ஒரு காரணம் என்று எழுதினார். அதன்பின் ஒரு பதிப்பக அதிகாரி, டாக்டர் சூஸ் என்ற புனைபெயரில் எழுதிவந்த ஓவியரிடம், குறைந்த சொற்களைக் கொண்டு பிள்ளைகள் கீழே வைக்க முடியாத ஒரு கதை எழுதித் தரும்படி கேட்டார். 236 வெவ்வேறு சொற்களை மட்டுமே கொண்டு அவர் எழுதிய 'தி கேட் இன் தி ஹேட்' 1957-இல் வெளிவந்தது. அம்மா வெளியே போயிருக்கும்போது ஒரு பூனை வீட்டுக்குள் வந்து எல்லாவற்றையும் தலைகீழாக்கும் கதை அது. 50 சொற்களில் ஒரு புத்தகம் எழுத முடியுமா என்ற பந்தயத்திற்காக அவர் எழுதியது 1960-இல் வந்தது. இரண்டும் இன்றுவரை விற்பனையாகின்றன. சொல் எளிமையும் சிரிப்பும் ஒரே புத்தகத்தில் சேர முடியும் என்பதை அவர் செய்து காட்டினார்.

இதற்கு நாம் அமெரிக்கா வரை போக வேண்டியதுகூட இல்லை. 1680-இல் இத்தாலியில் பிறந்து, இயேசு சபைக் குருவாகத் தமிழகம் வந்து, தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர்தான் பரமார்த்த குரு கதையையும் எழுதினார். தமிழ் கற்க வரும் குருக்களுக்குப் பயிற்சி நூலாக அவர் தேர்ந்தெடுத்தது ஒரு நகைச்சுவைக் கதையை! மொழியைப் புதிதாகக் கற்பவர் சிரித்துக்கொண்டே கற்கட்டும் என்று அந்தப் பேரறிஞருக்குத் தோன்றியிருக்கிறது. அது 1822-இல் லண்டனில் ஆங்கில மொழிபெயர்ப்புடன் அச்சானது. இன்று நம் பிள்ளைகள் 'கெ', 'கே' என்றும் 'கொ', 'கோ' என்றும் குழப்பமின்றிப் படிப்பதற்கும் அவர் செய்த எழுத்துச் சீர்திருத்தமே காரணம் என்பதை நாம் அறிவோம்.

அந்தக் கதையில் ஆறு விழித்திருக்கிறதா தூங்குகிறதா என்று கொள்ளிக்கட்டையை நீரில் தோய்த்துப் பார்ப்பார்கள். அக்கரை சேர்ந்ததும் எண்ணுகிறவர் தம்மை விட்டுவிட்டு எண்ணுவார். 'ஒருவரை ஆறு விழுங்கிவிட்டது' என்று எல்லாரும் ஒப்பாரி வைப்பார்கள். 7 வயதுப் பிள்ளைக்கு இதைச் சொல்லிப் பாருங்கள். 'ஐயோ, அவர் தன்னை எண்ணவே இல்லை!' என்று கத்தும். கதைக்குள் இருக்கும் பெரியவர்களைவிடத் தனக்கு அதிகம் தெரிகிறது என்பதில் அந்த வயதுக்குப் பெரும் மகிழ்ச்சி. வீட்டிலும் பள்ளியிலும் நாள் முழுவதும் 'உனக்குத் தெரியாது, பேசாமல் இரு' என்று கேட்கும் பிள்ளைக்கு, தான் அறிவாளியாக இருக்கும் இடம் கதை ஒன்றுதான். பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று நம்பி வாங்கும் பகுதியும் அப்படியே. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மூலநூலின் நடை பழையது, சொற்களும் கடினம், முடிவில் குரு இறந்தும் போகிறார். ஆகவே சிறுவர்க்கென்று சுருக்கி எழுதிய பதிப்பில் சில நிகழ்ச்சிகளை மட்டும் தேர்ந்துகொள்வது நல்லது.

இந்த வயதினர் சிரிக்கும் மற்ற இடங்களும் நமக்குத் தெரிந்தவைதாம். ஒரே வரி திரும்பத் திரும்ப வந்து, ஒவ்வொரு முறையும் சற்று மாறுவது. தலைகீழாக நடக்கும் உலகம். அளவுக்கு மீறிப் பெரிதாகும் பொருள். கொஞ்சம் குறும்பு. திரும்ப வரும் வரிக்கு ஒரு கூடுதல் பயனும் உண்டு. முதல் பக்கத்தில் திணறிப் படித்த வரியை நான்காம் பக்கத்தில் பிள்ளை சரளமாகப் படித்துவிடும். 'எனக்கும் படிக்க வருகிறது' என்ற தெம்பு அங்கே பிறக்கிறது.

குறும்புக்காரக் கதாநாயகனைப் படித்துப் பிள்ளை கெட்டுப்போகும் என்று நாம் கவலைப்படத் தேவையில்லை. பூனை பேசாது என்று அதற்குத் தெரிவது போலவே, கதையில் நடப்பதை வீட்டில் செய்தால் அடிவிழும் என்பதும் அதற்குத் தெரியும். நாம் கவலைப்பட வேண்டியது வேறு விதமான சிரிப்பைப் பற்றி. கறுப்பு நிறம், பருத்த உடல், திக்குவாய், காது கேளாமை, தொழில், சாதி இவற்றை வைத்துச் சிரிக்க வைக்கும் கதைகள் பழைய தொகுப்புகளில் ஏராளம். அதே குறை உள்ள பிள்ளை வகுப்பில் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருக்கும். இத்தகைய புத்தகம் எவ்வளவு பெயர் பெற்றதாக இருந்தாலும் வேண்டாம் என்றே சொல்வோம். தெனாலிராமன் கதைகளிலும் பொறுக்கி எடுக்க வேண்டும். அறிவால் வெல்லும் கதைகள் அருமையானவை. தலையைச் சீவும் தண்டனையும் அரண்மனைச் சூழ்ச்சியும் நிறைந்தவை இன்னும் சில ஆண்டுகள் காத்திருக்கட்டும்.

கடையில் நிற்கும்போது எப்படிப் பார்ப்பது? புத்தகத்தின் நடுப்பக்கம் ஒன்றைத் திறந்து பிள்ளையையே படிக்கச் சொல்லலாம். தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்க வேண்டும், ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அது தனியே படிக்கக் கடினமான புத்தகம் என்பது ஆங்கிலப் பள்ளிகளில் வழங்கும் ஒரு முறை. பக்கத்துக்கு நாலைந்து வரிகளே உள்ள தமிழ்ப் புத்தகத்திற்கு ஐந்து விரல் அதிகம், இரண்டு மூன்று போதும் என்பது நம் கருத்து. பிறகு அச்சைப் பாருங்கள். எழுத்து பெரிதாக, சொற்களுக்கிடையே நல்ல இடைவெளியோடு இருக்கிறதா? தமிழ் அச்சில் வரி முடியும் இடத்தில் சொல்லை எந்த அடையாளமும் இல்லாமல் உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோகும் வழக்கம் உண்டு. நாம் கவனிக்காமலே படித்துவிடுவோம். சின்னப் பிள்ளை அதை இரண்டு சொல்லாகப் படித்து, பொருள் புரியாமல் விழிக்கும். சொல்லை உடைக்காத புத்தகமாகப் பார்த்து வாங்குவது பெரிய உதவி. படமும் முக்கியம். எழுத்து சொல்லாத ஒன்றைப் படம் சொன்னால், பிள்ளை அதைக் கண்டுபிடித்து நமக்குக் காட்டும்.

சில புத்தகங்களில் படிநிலை எண் போட்டிருப்பார்கள். 2004-இல் தொடங்கிய பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015 முதல் நடத்தும் 'ஸ்டோரிவீவர்' இணையதளத்தில், தமிழ் உட்படப் பல மொழிக் கதைகளை 4 படிகளாகப் பிரித்து இலவசமாகத் தருகிறார்கள். தமிழகப் பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்க நூல்களுக்கு நுழை, நட, ஓடு, பற என்று அழகான பெயர்கள். இந்தப் படியும் வகுப்பும் ஒன்றல்ல என்பதை மறக்க வேண்டாம். ஆங்கிலவழியில் 3-ஆம் வகுப்பு படிக்கும் பிள்ளை தமிழில் முதல் படியில் நிற்கலாம். அதைச் சொல்லிக் காட்டாமல் முதல் படிப் புத்தகத்தையே கொடுப்போம். இரண்டு மொழியும் ஒரே பக்கத்தில் உள்ள நூல்களைச் சென்னையின் தூலிகா பதிப்பகம் வெளியிட்டுவருகிறது. அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு அவை பாலமாகும். மொழிபெயர்ப்புக் கதைகளில் மட்டும் ஓர் எச்சரிக்கை. வாங்குமுன் நாமே ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படித்துப் பார்க்க வேண்டும். நம் நாக்கே தடுக்கினால் பிள்ளை என்ன செய்யும்?

பரிசு பெற்ற நூல் என்று கேள்விப்பட்டு அவசரப்பட்டு வாங்கித் தருவதும் நடக்கிறது. 2020-இல் சாகித்திய அகாதெமியின் பால புரஸ்கார் விருது பெற்ற யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' நல்ல நூல். ஆனால் சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கானது. ஜப்பானிய நூலான 'டோட்டோ-சான்' 2-ஆம் வகுப்புப் பிள்ளைக்குத் தானாகப் படிக்கப் பெரிது. இரவில் நாம் படித்துக் காட்டினால் ஒவ்வோர் அத்தியாயமாகக் கேட்டு மகிழும். பிள்ளை தானே படிக்கும் புத்தகமும் நாம் படித்துக் காட்டும் புத்தகமும் வெவ்வேறாக இருப்பதில் தவறில்லை.

வாங்கிவந்த பிறகு ஒரு வேண்டுகோள். 'கதையின் நீதி என்ன?' என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வி வந்தவுடன் கதை பாடமாகிவிடுகிறது, பிள்ளை அடுத்த புத்தகத்தை மெதுவாக மறைத்து வைக்கிறது. சிரித்த இடத்தை மறுபடி படித்துக் காட்டச் சொல்லுங்கள், போதும். கண்ணாடி தேடிக்கொண்டிருக்கும் பாட்டிக்குப் படித்துக் காட்டச் சொன்னால் இன்னும் குஷியாகிவிடும். ஒரே புத்தகத்தைப் பத்து முறை படித்தால் 'இதையே எத்தனை தடவை?' என்று சலிக்க வேண்டாம். அந்தப் பத்து முறையில்தான் வேகம் வருகிறது. படக்கதையும் விடுகதைப் புத்தகமும் வாசிப்புக் கணக்கில் சேரும்.

பணம் ஒரு தடை என்றால், கிளை நூலகங்களிலும் சிறுவர் நூல்கள் உண்டு. சென்னைக் கோட்டூர்புரத்தில் 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், மதுரையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் பிள்ளைகளுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. அங்கே நாம் ஓரமாக உட்கார்ந்துகொண்டு, பிள்ளையை அலமாரிப் பக்கம் தனியே விட்டுவிடலாம். அது பாதியில் மூடிவைக்கும் புத்தகத்தை அப்படியே விட்டுவிடுவோம். அடுத்த முறை போகும்போதும் அதே புத்தகத்தைத் தேடி எடுத்தால், அதன் பெயரைக் குறித்துக்கொண்டு வந்து, பிறந்தநாளுக்கு அதையே வாங்கிக் கொடுக்கலாம்.