டப்பா உங்களுக்கே!

பற்பசை ட்யூபுக்கு மேலே அட்டைப்பெட்டி எதற்கு? ஜெர்மனியில் இதற்கு ஒரு சட்டமே வழி செய்தது. குப்பைமேடுகள் நிரம்பிவந்த நிலையில், 'பேக்கிங் போட்டு விற்பவர்களே அதைத் திரும்பப் பெற வேண்டும்' என 1991-ல் அங்கே விதி வந்தது. 1992 ஏப்ரல் முதல் வெளி அட்டையைக் கடையிலேயே பிரித்துப் போட்டுவிட்டு வர முடிந்தது. கடைக்குள் குப்பை சேர்ந்தால் முதலாளி சும்மா இருப்பாரா? கம்பெனிகளை நெருக்கினார். பெட்டியில்லாத பற்பசைகள் வர ஆரம்பித்தன.

வீட்டுக்குப் போகும் பேக்கிங்குக்கோ, எடை பார்த்துக் கம்பெனி கட்டணம் கட்ட வேண்டும். கண்ணாடியைவிட பிளாஸ்டிக்குக்குக் கிலோவுக்கு அதிகம். கட்டியதற்கு அடையாளமாக அப்போது உறைமேல் ஒரு பச்சைப் புள்ளி இருந்தது.

'அதையும் நம் தலையில்தானே கட்டுவார்கள்?' கட்டுவார்கள்தான். ஆனால், பேக்கிங்கைக் குறைத்த போட்டியாளருக்குச் செலவு குறைவு. அவரால் விலையையும் குறைக்க முடியும்.

இந்தியாவிலும் பிளாஸ்டிக் உறைகளுக்குக் கம்பெனிகளே பொறுப்பு என்று விதி இருக்கிறது. காலி ஷாம்பு சாஷேதான் இன்னும் சாக்கடையில் மிதக்கிறது.