ரோஜாவின் மறுபக்கம்

நார்வேயில் டிரான்ட்ஹைம் நகருக்கு அருகே செல்பு என்றோர் ஊர். 1857-ல் மாரித் எம்ஸ்டாட் என்ற இளம்பெண் கறுப்பு வெள்ளைக் கம்பளி நூலில் எட்டிதழ் ரோஜா போட்டுக் கையுறை பின்னினார். தேவாலயத்தில் அதைப் பார்த்த ஊர்ப் பெண்கள் ஆளுக்கொரு ஜோடி பின்னத் தொடங்கினார்கள் என்பது அவ்வூர்க் கதை. இன்றும் அந்தப் பூவை ஊர்ப் பெயராலேயே அழைக்கிறார்கள்.

பூவைவிட எனக்குப் பிடித்தது அதன் பின்பக்கம். கையுறையை உள்புறம் வெளியே வரும்படி திருப்பினால் சூட்சுமம் தெரியும். கறுப்புக் கண்ணி விழும் இடத்தில் வெள்ளை நூலை அறுப்பதில்லை. தன் முறை வரும்வரை அது பின்னால் படுத்தபடியே ஓடும். வெள்ளைக் கண்ணி விழும்போது கறுப்பு ஓடும். இப்படி ஓடுவதை 'மிதவை நூல்' எனலாம். அழகுக்காகப் போட்ட பூ, கைக்கு இரண்டாவது அடுக்கைத் தந்துவிடுகிறது! மிதவை நீண்டால் விரல் நகத்தில் மாட்டும். அதனால்தான் உள்ளங்கைப் பக்கம் பொடிப்பொடிக் கட்டங்கள்: நிறம் அடிக்கடி மாறும், மிதவை குட்டையாகவே இருக்கும்.

இரண்டு அடுக்குக்கும் நடுவே சிக்குவது காற்று. அசையாத காற்றைப் போலக் குளிரைத் தடுப்பது அரிது. அதை அசையவிடாமல் பிடிப்பது ஆட்டு ரோமத்தின் சுருள். இழையின் ஒரு பக்கத்துச் செல்களும் மறுபக்கத்துச் செல்களும் வேறு வேறு வகை; அதனால் இழை தானாகவே வளைந்து வளைந்து வளர்கிறது. வளைந்த இழைகள் நெருங்கிப் படியாது. நூலுக்குள்ளேயே எண்ணற்ற காற்றறைகள்!

இழையின் மேல்தோல் ஓட்டுக்கூரை போல அடுக்கடுக்கான செதில்கள். அதன்மேல் மெல்லிய கொழுப்புப் பூச்சு. பனித்துளி உருண்டு ஓடிவிடும். வியர்வையின் ஆவி மட்டும் உள்ளே நுழையும். தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தைக் குடித்தும் கம்பளி தொட்டால் ஈரமாகத் தெரியாது. ஆவியைப் பிடித்து வைக்கும்போது அது கொஞ்சம் வெப்பத்தையும் வெளியிடுகிறது.

இதே செதில்களால்தான் வெந்நீரில் கசக்கித் துவைத்தால் கையுறை சுருங்கிப்போகிறது. செதில்கள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும், பிறகு விடாது. நார்வேயின் கடலோரப் பெண்கள் இதையே ஒரு தொழில்நுட்பமாக்கினார்கள். மீனவர்களுக்கான கையுறைகளை வேண்டுமென்றே மிகப் பெரிதாகப் பின்னி, வெந்நீரில் தேய்த்துச் சுருக்கிக் கெட்டியாக்கினார்கள். குளிர்கடலில் வலை இழுப்பவர்களின் கைகளை, நனைந்த பின்னும் அவை காத்தன.