நான்கு பிள்ளைகள், இரண்டு ஏக்கர்

உம்பாயில் தாத்தாவின் இரண்டு ஏக்கரில் மாடுகளுக்கான நேப்பியர் புல் வளர்கிறது. “புல்லுக்கு என்ன செலவு?” என்பார். விடுமுறையில் நான் கணக்கெழுதினேன்: உரம், புல்வெட்டும் இயந்திரத்துக்குப் பெட்ரோல், காயப்போட்டு மழையில் கெட்டுப்போன புல். தாத்தாவின் கூலியையும் சேர்த்தால் மிச்சமே இல்லை.

அவருக்குப் பிள்ளைகள் நால்வர். தேசிய நிலச் சட்டப்படி விவசாய நிலத்தை 0.4 ஹெக்டருக்கு, அதாவது ஏறக்குறைய ஓர் ஏக்கருக்குக் கீழே துண்டு போட முடியாது. சமமாகப் பங்கு வைத்தால் நால்வர் பெயரும் ஒரே பட்டாவில்தான் ஏறும். முழு நிலத்தையும் விற்க நால்வரும் சம்மதிக்க வேண்டும்.

மாணவ நண்பர்களே, பட்டா யார் பெயரில் இருக்கிறது, உயில் உண்டா என்று பெரியவர்கள் இருக்கும்போதே கேளுங்கள். நான் கேட்டேன். தாத்தா திருப்பிக் கேட்டார்: “நிலம் இருக்கட்டும், மாட்டை யார் பார்ப்பது?”

அதற்கு எங்கள் வீட்டில் இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.