படிவமும் உதவிக் கோப்பும்

மழைமானியில் காலை 8.30 மணிக்கு அளவெடுக்கும் ஊழியர் ஒருவர், அதனை எக்ஸெல் விரிதாளில் மேக்ரோ கொண்டு அமைத்த படிவத்தில் பதிவு செய்கிறார் எனக் கொள்வோம். மழை பெய்யாத நாளில் அவர் சுழியம் இடவேண்டும். மானியைப் பார்க்க இயலாத நாளிலோ கட்டத்தை வெறுமையாக விடவேண்டும். இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதிச் சுழியம் இட்டுவிடின், அம்மாதத்தின் மொத்த மழை உள்ளதினும் குறைவாகத் தோன்றக்கூடும். பிழை நேர்ந்ததற்கு யாதொரு அடையாளமும் எஞ்சாது. ஐயம் எழும் அத்தருணத்தில் மேலதிகாரி அருகில் இரார். அச்சிட்ட கையேடும் அலமாரியில் இருக்கும். கைக்கெட்டும் தூரத்தில் உள்ளது எஃப்-1 விசை ஒன்றே.

அவ்விசையை அழுத்தியதும் உரிய பக்கம் திறக்குமாறு செய்வது கடினமன்று. 1993-ல் வெளிவந்த எக்ஸெல் 5-ஆம் பதிப்பிலேயே விஷுவல் பேசிக் மொழி இடம் பெற்றுவிட்டது. உதவிப் பக்கங்களைத் தொகுத்து ஒரே கோப்பாக்கும் சிஎச்எம் முறையை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 1997-ல் கொணர்ந்தது. அதற்கு முந்திய எச்எல்பி கோப்புகளைத் திறக்கும் நிரல், விண்டோஸ் விஸ்டா முதற்கொண்டு உடன் வழங்கப்படவில்லை; ஆகவே பழைய கோப்புகளை வைத்திருப்போர் அவற்றைப் புதிதாகத் தொகுத்துக்கொள்வதே நலம்.

படிவத்தையும் பக்கத்தையும் பிணைப்பது ஓர் எண் மாத்திரமே. படிவத்திற்கும் அதிலுள்ள ஒவ்வொரு பெட்டிக்கும் ‘ஹெல்ப் கான்டெக்ஸ்ட் ஐடி’ என்னும் பண்பு உண்டு. மழையளவுப் பெட்டிக்கு அதில் 1001 என்று குறித்தால், உதவிக் கோப்பைத் தொகுக்கும்போது ‘மேப்’ பகுதியில் ஒரு குறிப்பெயருக்கு அதே எண்ணையும், ‘அலியாஸ்’ பகுதியில் அக்குறிப்பெயருக்கு உரிய பக்கத்தையும் எழுதவேண்டும். முன்னதை எழுதாது விட்டால் பக்கத்திற்குப் பதிலாகப் பிழைச்செய்தியே தோன்றும். ஒருமுறை வழங்கிய எண்ணைப் பின்னர் வேறு பக்கத்திற்கு மாற்றுதல் கூடாது. பழைய படிவங்கள் எங்கெங்கு உலவுகின்றன என்பதை யாரே அறிவார்!

பெரும்பாலான முயற்சிகள் தடுமாறும் இடம் எண் அன்று, கோப்பின் இருப்பிடமே. திட்டப் பண்புகளுக்குரிய சாளரத்தில் உதவிக் கோப்பைத் தேடித் தெரிவு செய்தால், தயாரித்தவருடைய கணினியின் முழுப் பாதையே அங்குப் பதிவாகிறது. விரிதாளை வேறொரு ஊருக்கு அனுப்பியபின் அப்பாதை பொருளற்றதாகிறது. இதனைத் தவிர்க்க, விரிதாளும் உதவிக் கோப்பும் ஒரே உறையில் இருக்கவேண்டுமென விதித்து, படிவத்தில் ‘உதவி’ என்றொரு பொத்தானை வைத்து, ‘திஸ்வொர்க்புக்.பாத்’ தரும் பாதையுடன் கோப்பின் பெயரைச் சேர்த்து, எண்ணையும் உடன் கொடுத்து ‘அப்ளிகேஷன்.ஹெல்ப்’ கட்டளையால் திறக்கலாம். தவறான அளவு இடப்பட்டால் தோன்றும் ‘மெசேஜ் பாக்ஸ்’ செய்தியிலும் இவ்வாறே கோப்பையும் எண்ணையும் குறிக்க இடமுண்டு. எச்சரிக்கை தோன்றும் அக்கணத்திலேயே விளக்கமும் கிட்டுவதால், ஆசிரியர்கள் இதனை மாணவருக்குக் கட்டாயம் செய்து காட்டலாம்.

சில வேளைகளில் கோப்புத் திறந்து, இடப்புறத்தில் பொருளடக்கம் தெரிந்தும், வலப்புறம் வெறுமையாகவே நிற்கும். கோப்புப் பழுதுபட்டதென்று எண்ணி மறுபடியும் தொகுக்க முற்படுதல் வீண் உழைப்பு. இணையத்தின் வழியாகவோ மின்னஞ்சலிலோ வந்த சிஎச்எம் கோப்பை விண்டோஸ் ஐயுற்றுத் தடுப்பதுண்டு; அனுப்பியவர் இன்னார் என்று உறுதியானபின், கோப்பின் பண்புகளில் ‘அன்பிளாக்’ என்பதைத் தெரிவு செய்தால் தடை நீங்கும். பிணையத்தில் பகிரப்பட்ட உறையில் இருந்தாலும் 2005-ல் வந்த பாதுகாப்புத் திருத்தத்தின் விளைவாக இதே நிலை நேரும். அப்போது விரிதாளையும் உதவிக் கோப்பையும் சேர்த்தே கணினியின் சொந்த வட்டிற்குப் படியெடுத்துக்கொள்ள வேண்டும்.