ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையா? மருந்தாளுநரிடம் பேசுங்கள்

அத்திப்பட்டில் அனல்மின் நிலையம், துறைமுகம் என்று உழைப்பவர்களுக்கு உடம்புவலி அன்றாடம். ஷிஃப்ட் முடிந்து வரும் வழியில் மெடிக்கலில் ஒரு வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வதும் வழக்கம். இதய வால்வு மாற்றியவரோ, காலில் ரத்தக்கட்டு வந்தவரோ அப்படிச் செய்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். இவர்களில் பலர் வார்ஃபரினோ, அசிட்ரோம் என்ற பெயரில் பரவலாகத் தெரிந்த மாத்திரையோ சாப்பிடுபவர்கள். அதோடு டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரை சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு ஏற்படலாம்.

கூடினாலும் குறைந்தாலும் ஆபத்து

வார்ஃபரினும் அசிட்ரோமும் வைட்டமின் கே-யின் வேலையைத் தடுத்து, ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்துகின்றன. மருந்து போதாவிட்டால் வால்வில் ரத்தம் கட்டி, பக்கவாதம் வரலாம். மிஞ்சினால் மூளையில்கூட ரத்தம் கசியலாம். அதைக் கண்காணிக்கவே, ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தை அளக்கும் ஐ.என்.ஆர். பரிசோதனை. பலருக்கு அது 2 முதல் 3 வரை இருக்க வேண்டும். மைட்ரல் வால்வை மாற்றி உலோக வால்வு வைத்தவர்களுக்குப் பொதுவாக 2.5 முதல் 3.5 வரை.

திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் உருவாக்கிய சித்ரா வால்வு 1990-ல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அது போன்ற உலோக வால்வு வைத்தவர்களுக்கு இம்மாத்திரை வாழ்நாள் முழுக்கத் தேவை. ரத்தம் உறைவதைத் தடுக்கும் டாபிகாட்ரான், அபிக்ஸபான் போன்ற புதிய மருந்துகள் அவர்களுக்குக் கூடாது.

கவுண்ட்டரில் நடக்கும் காவல்

அத்திப்பட்டிலிருந்து ரயிலேறி சென்னை ஸ்டான்லி மருத்துவமனைக்குப் போகும் ஒருவர் இதயப் பிரிவிலும் காசநோய்ப் பிரிவிலும் தனித்தனிச் சீட்டு வாங்கக்கூடும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க வாய்ப்புள்ளவர் மருந்தாளுநர். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் வார்ஃபரினின் வேகத்தைக் குறைக்கும். மெட்ரோனிடசோல், கோட்ரைமாக்சசோல், ஃப்ளூகோனசோல் கூட்டும். அவர் இதைக் கவனித்து மருத்துவரிடம் சொன்னால், அளவை மாற்றவோ, ஐ.என்.ஆரை முன்கூட்டியே பார்க்கவோ முடியும்.

திங்கள், புதன், வெள்ளி 2 மில்லிகிராம், மற்ற நாட்களில் 3 மில்லிகிராம் என்று எழுதியிருந்தால் வீட்டில் குழப்பம் நேரும். எந்தக் கிழமைக்கு எந்த அட்டை என்று உறையில் தமிழில் எழுதித் தருவது சின்ன வேலைதான்; ஆனால் அதுவே உயிர் காக்கும். நோயாளிக்கு ஆலோசனை சொல்வது மருந்தாளுநரின் கடமை என்கின்றன 2015-ஆம் ஆண்டின் மருந்தகப் பணி விதிமுறைகள். வரிசை எவ்வளவு நீண்டாலும் அதற்கு இரண்டு நிமிடத்தை மருத்துவமனை நிர்வாகம் ஒதுக்கித் தர வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

* நாட்டு மருந்து உட்பட, சாப்பிடும் எல்லா மருந்தையும் பையில் போட்டு எடுத்துச் சென்று காட்டுங்கள்.
* வைட்டமின் கே நிறைந்தது என்பதற்காகக் கீரையை விட வேண்டாம். வாராவாரம் ஏறக்குறைய ஒரே அளவு சாப்பிடுங்கள்.
* ஒரு வேளை மாத்திரை போட மறந்து, அன்றே நினைவு வந்தால் போடுங்கள். மறுநாள் இரண்டாகச் சேர்த்துப் போடாதீர்கள்.
* பல் பிடுங்கும் முன்பும், தசையில் ஊசி போடும் முன்பும் இந்த மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லுங்கள். கர்ப்பம் தரிக்க நினைத்தால் முன்கூட்டியே மருத்துவரைப் பாருங்கள்.

எப்போது 108?

மலம் கறுப்பாகப் போனால், சிறுநீரில் ரத்தம் வந்தால், மூக்கிலோ ஈறிலோ கசியும் ரத்தம் நிற்காவிட்டால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். வேலையிடத்தில் தலையில் அடிபட்டால், வெளிக்காயம் இல்லாவிட்டாலும், அல்லது திடீரென்று வாய் குழறினால் 108-ஐ அழையுங்கள். இந்த மாத்திரை சாப்பிடுவதை உடன் வேலை செய்பவரிடமும் மேஸ்திரியிடமும் இன்றே சொல்லிவையுங்கள். நீங்கள் பேச முடியாத நிலையில் மருத்துவரிடம் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான்.